ஆங்கில யாப்பில் ஓவிட்

ரோமானியக் கவிஞர் ஓவிட் பாடிய ‘மெட்டமார்ஃபோசிஸ்’ உருமாற்றங்களைப் பற்றிய காவியம். 15 காண்டங்களில், ஏறக்குறைய 12,000 அடிகளில், சுமார் 250 கதைகள் அதில் கோக்கப்பட்டுள்ளன. உலகத்தின் தோற்றத்தில் தொடங்கும் காவியம், கொலையுண்ட ஜூலியஸ் சீசர் விண்மீனாகும் இடத்தில் முடிவை நெருங்குகிறது. அப்போலோ துரத்திய டாஃப்னி மரமாகிறாள். தேவி நீராடுவதைக் கண்டுவிட்ட ஆக்டியான் மானாகித் தன் வேட்டை நாய்களுக்கே இரையாகிறான். நெசவில் தெய்வத்தோடு போட்டியிட்ட அராக்னி சிலந்தியாகிறாள். கதைக்குள் ஒருவர் கதை சொல்ல, அதற்குள் இன்னொருவர் வாய் திறக்க, காண்டம் முடிந்தும் கதை முடியாமல் அடுத்த காண்டத்துக்குள் ஓடுகிறது. கி.மு. 43-இல் இத்தாலியின் சுல்மோ ஊரில் பிறந்த ஓவிட், இக்காவியம் நிறைவை எட்டிய வேளையில், கி.பி. 8-இல், பேரரசர் அகஸ்டஸின் ஆணையால் கருங்கடல் கரையிலிருந்த தோமிஸுக்கு நாடு கடத்தப்பட்டார். இன்றைய ருமேனியாவின் கான்ஸ்டன்ட்சா நகரம் அது. ரோமுக்குத் திரும்பாமலே அங்கே இறந்தார். காவியமோ ஐரோப்பா முழுவதும் பரவியது. கிரேக்க, ரோமானியப் புராணக் கதைகளில் பெரும்பகுதி பிற்கால மேற்கு நாடுகளுக்கு இந்த ஒரு நூல் வழியாகவே போய்ச் சேர்ந்தது.

இதை ஆங்கிலச் செய்யுளாக்க முனைந்த ஒவ்வொருவரும் முதலில் தீர்க்க வேண்டியிருந்த கேள்வி யாப்பு. லத்தீன் யாப்பு, தமிழ் யாப்பைப் போலவே, குறில் நெடில் கணக்கில் நிற்பது. ஒரு நெடிய அசையோடு இரண்டு குறிய அசைகள், அல்லது இரண்டு நெடிய அசைகள் சேர்ந்தது ஒரு சீர். அத்தகைய சீர்கள் ஆறு கொண்டது ஓர் அடி. அடிக்கு 13 முதல் 17 அசைகள் வரை வரும். அடி இறுதியில் இயைபு கிடையாது. ஆங்கிலத்தின் ஓசையோ அசைகளின் அழுத்தத்தில் அமைவது. நீளக் கணக்கு அதன் காதில் விழாது. தவிர, லத்தீன் வேற்றுமை உருபுகளால் சுருங்கச் சொல்வதை ஆங்கிலம் தனித்தனிச் சிறு சொற்களால் விரித்தாக வேண்டும். ஆகவே ஓவிடின் அடியை அப்படியே பெயர்க்க வழியில்லை. அதற்கு ஈடாக ஓர் ஆங்கில அடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தேர்வுதான் எந்த ஓவிட் வாசகருக்குக் கிடைப்பார் என்பதைத் தீர்மானித்தது. கிராமத்துக் கதைசொல்லி, கற்றறிந்த உரைகாரர், அரசவை நாவலர், வன்முறையின் சாட்சி என வெவ்வேறு ஓவிட்கள் ஆங்கிலத்தில் உலவக் காரணம் பெரும்பாலும் இதுவே.

முழு மொழிபெயர்ப்பு வருவதற்கு முன்பே கதைகள் இங்கிலாந்துக்கு வந்துவிட்டன. 14-ஆம் நூற்றாண்டில் சாசர் சீக்ஸ், அல்சையோனி தம்பதியின் கதையைத் தம் இளமைக் காலக் கவிதையொன்றில் கையாண்டார். பிரமஸ், திஸ்பியின் கதையை நற்பெண்டிரைப் பற்றிய நூலில் சேர்த்தார். அவர் நண்பர் ஜான் கோவரும் ஓவிடிலிருந்து தாராளமாக எடுத்துக்கொண்டார். இங்கிலாந்தின் முதல் அச்சகத்தார் வில்லியம் காக்ஸ்டன் 1480-இல் காவியம் முழுவதையும் ஆங்கிலமாக்கினார். ஆனால் அது உரைநடை. லத்தீனிலிருந்து அல்ல, பிரெஞ்சிலிருந்து எடுத்தது. இரண்டாகப் பிரிந்துபோன அதன் கையெழுத்துப் பிரதியில் ஒரு பாதி கேம்பிரிட்ஜின் மாக்டலன் கல்லூரியில் இருந்தது. மறுபாதி 1960-களில்தான் கண்டெடுக்கப்பட்டு அதனோடு சேர்ந்தது.

லத்தீன் மூலத்திலிருந்தே முழுக் காவியத்தையும் ஆங்கிலச் செய்யுளில் முதலில் தந்தவர் ஆர்தர் கோல்டிங். முதல் நான்கு காண்டங்கள் 1565-இலும், பதினைந்தும் 1567-இலும் வெளிவந்தன. அவர் எடுத்துக்கொண்டது 14 அசை கொண்ட நீண்ட அடி, இரண்டிரண்டாக இயைபுடன். எட்டும் ஆறுமாக உடைத்தால் நாட்டுப்புறக் கதைப்பாடலின் மெட்டு. தேவாலயத்தில் மக்கள் பாடிய சங்கீதங்களின் மெட்டும் அதுவே. லத்தீன் அறியாத கடைக்காரருக்கும் கைவினைஞருக்கும் அந்த ஓசை பழகிப்போனது. பழகிய மெட்டில் வந்த அந்நியக் கதையை அவர்களால் தயக்கமின்றி ஏற்க முடிந்தது.

அடி நீளமானதால் கோல்டிங் எதையும் சுருக்க வேண்டியிருக்கவில்லை; சில இடங்களில் நிரப்பவே வேண்டியிருந்தது. அப்படி நிரப்பும்போது இங்கிலாந்தின் வயலும் வேலியும் சமையலறையும் உள்ளே நுழைந்தன. எட்டாம் காண்டத்தில் வரும் பிலமோன், பாசிஸ் கதை இதற்கு நல்ல சான்று. மனித வேடத்தில் வந்த ஜூபிடரையும் மெர்குரியையும் ஊரே விரட்டிவிட, ஏழைக் கிழத் தம்பதி மட்டும் குடிசைக்குள் அழைத்து உபசரிக்கிறார்கள். மூலத்திலேயே இது வீட்டு விவரங்கள் நிறைந்த பகுதி. கிழவி சாம்பலைக் கிளறி அணைந்த நெருப்பை ஊதி எழுப்புகிறாள். புகை படிந்த உத்தரத்தில் தொங்கும் பன்றி இறைச்சியிலிருந்து ஒரு துண்டு இறங்குகிறது. கால் குட்டையான மேசைக்கு உடைந்த ஓட்டுத் துண்டை முட்டுக் கொடுத்து, பச்சைப் புதினாவால் துடைக்கிறார்கள். வீட்டிலிருக்கும் ஒரே வாத்தையும் அறுக்கப்போய்ப் பிடிக்க முடியாமல் மூச்சு வாங்குகிறார்கள். கோல்டிங் இவற்றுக்கு ஆங்கிலக் கிராமத்தின் புழக்கச் சொற்களையே போட்டார். ரோமானியக் கவிஞரின் நாகரிகமான புன்னகை அதில் குறைந்துபோனது உண்மை. ஆனால் குடிசையின் வெம்மை மூலத்துக்குச் சற்றும் குறையாமல் வந்து சேர்ந்தது, அது சிறிய சாதனை அல்ல.

கோல்டிங் சீர்திருத்தச் சபையில் ஊன்றிய நம்பிக்கையாளர். கால்வினின் பேருரைகளையும் ஆங்கிலத்தில் தந்தவர். காமமும் பழிவாங்கலும் மலிந்த புறச்சமய நூலைத் தாம் ஏன் தொட்டோம் என்று விளக்கும் கடமை அவருக்கு இருந்தது. லெஸ்டர் பிரபுவுக்குச் சமர்ப்பித்த நெடிய செய்யுள் மடலில் ஒவ்வொரு கதைக்கும் ஓர் அறப்பொருள் கூறினார். கதைகளைப் பாடும்போது அந்த அறம் பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்கிறது என்பதை வாசிப்பவர் எளிதில் உணரலாம். நூல் பலமுறை மறுபதிப்புக் கண்டது. கோல்டிங் மட்டும் கடனில் அழுந்தி 1606-இல் இறந்தார்.

அவருடைய வாசகர்களில் ஒருவர் ஷேக்ஸ்பியர். ‘டெம்பெஸ்ட்’ நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தில் ப்ராஸ்பெரோ தன் மந்திர ஆற்றலைத் துறக்குமுன் பேசும் பேச்சு, ஓவிடின் ஏழாம் காண்டத்தில் மெடியா தெய்வங்களை அழைக்கும் பகுதியிலிருந்து வந்தது. ஓவிட் அழைப்பது காட்டுத் தெய்வங்களை. கோல்டிங் அந்த இடத்தில் ஆங்கிலக் கிராமத்தின் குட்டித் தேவதைகளைக் கொண்டுவந்தார். ப்ராஸ்பெரோவின் அழைப்பும் அந்தக் குட்டித் தேவதைகளிடமிருந்தே தொடங்குகிறது. அதே பேச்சில் பிளக்கப்படும் ஓக் மரம் லத்தீனில் உண்டு, கோல்டிங்கில் வெறும் மரம்தான். ஆகவே ஷேக்ஸ்பியர் மூலத்தையும் பெயர்ப்பையும் ஒருங்கே பயன்படுத்தினார் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். ‘டைட்டஸ் ஆண்ட்ரானிகஸ்’ நாடகத்தில் ஓவிடின் இந்தப் புத்தகமே மேடைக்கு வருகிறது. ‘மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ நாடகத்தில் கைவினைஞர்கள் பிரமஸ், திஸ்பி கதையை நடித்துக் காட்டுகிறார்கள். 20-ஆம் நூற்றாண்டில் எஸ்ரா பவுண்ட் கோல்டிங்கின் நூலை ஆங்கிலத்தின் மிக அழகிய நூல் என்றே போற்றினார். அது மிகை. ஆனால் மறக்கப்பட்டிருந்த நூலை மீண்டும் படிக்க வைத்த மிகை.

14 அசை அடிக்கு மாற்றுத் தேடும் முயற்சிகளும் அந்த நூற்றாண்டிலேயே நடந்தன. அவற்றுக்குக் களமாக இருந்தது பெரும்பாலும் விர்ஜிலின் ‘ஏனீட்’. 1547-இல் தலை வெட்டப்பட்ட சர்ரே பிரபு அதன் இரண்டு காண்டங்களை இயைபு இல்லாத 10 அசை அடியில் பெயர்த்தார். பின்னாளில் ஷேக்ஸ்பியரும் மில்டனும் கையாண்ட அடி ஆங்கிலத்தில் முதன்முதலாகத் தோன்றியது அப்போதுதான். ஸ்டானிஹர்ஸ்ட் 1582-இல் லத்தீனின் ஆறு சீர் அடியையே நெடில் குறில் கணக்கோடு ஆங்கிலத்தில் நடத்திப் பார்த்து நகைப்புக்கு ஆளானார். ஓவிடின் காதல் பாடல்களைப் பெயர்த்த கிறிஸ்டோஃபர் மார்லோ, இரண்டிரண்டாக இயையும் 10 அசை அடியைக் கூர்மையாக்கினார். 1599-இல் ஆயர்களின் ஆணைப்படி எரிக்கப்பட்ட புத்தகங்களில் அந்தப் பெயர்ப்பும் ஒன்று. ஆனால் அந்த ஈரடி வடிவம் பிழைத்து, அடுத்த 200 ஆண்டுகளுக்கு ஓவிடின் ஆங்கில உருவமாகவே நிலைத்தது.

அந்த வடிவில் முழுக் காவியத்தையும் முதலில் தந்தவர் ஜார்ஜ் சாண்டிஸ். யார்க் பேராயரின் மகன். துருக்கி, எகிப்து, பாலஸ்தீனம் சுற்றிவந்து 1615-இல் பயண நூல் எழுதியவர். 1621-இல் முதல் ஐந்து காண்டங்கள் வெளிவந்த ஆண்டிலேயே வர்ஜீனியா குடியேற்றத்தின் பொருளாளராகக் கப்பலேறினார். அட்லாண்டிக் கடலின் நடுவே இரண்டு காண்டங்கள் பெயர்ப்பாயின. ஜேம்ஸ்டவுனில் இறங்கிய மறு ஆண்டு, 1622 மார்ச்சில், பூர்வகுடிகளின் தாக்குதலில் குடியேறியவர்கள் 347 பேர் மாண்டார்கள். அதைத் தொடர்ந்து பஞ்சமும் நோயும் பதிலடிப் போர்களும் வந்தன. பகல் தமக்குச் சொந்தமாக இல்லாததால் இரவின் ஓய்விலிருந்து பிடுங்கிய நேரத்தில் பெயர்த்ததாக அவரே பின்னர் நூலின் சமர்ப்பணத்தில் எழுதினார். கவிஞர் மைக்கேல் டிரேட்டன் இங்கிலாந்திலிருந்து ஒரு செய்யுள் மடல் எழுதி, ஓவிடை நிறுத்திவிடாதீர்கள் என்று ஊக்கினார். நாடு கடத்தப்பட்ட கவிஞரின் காவியம், உலகின் மறுகோடியில் ஒரு தற்காப்பு வேலிக்குள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஆங்கிலமாகிக்கொண்டிருந்தது. வட அமெரிக்க ஆங்கிலக் குடியேற்றங்களில் உருவான முதல் இலக்கியப் பணி என்று இதைச் சொல்வது வழக்கம். அந்த மண் யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் அந்தச் சிறப்போடு சேர்த்தே நினைக்க வேண்டும்.

முழு நூல் 1626-இல் லண்டனில் வெளியாயிற்று. 1632-இல் ஆக்ஸ்ஃபர்டில் அச்சான பெரும் பதிப்பில் ஒவ்வொரு காண்டத்துக்கும் ஒரு முழுப்பக்கச் செதுக்கோவியமும் நீண்ட உரையும் சேர்ந்தன. பழைய புராண விளக்கங்கள், புதிய வானியல், கிழக்கு நாடுகளில் கண்டவை, அமெரிக்காவில் கேட்டவை எல்லாம் அவ்வுரையில் வந்து கலந்தன. செய்யுளில் சாண்டிஸின் நோக்கம் சிக்கனம். கோல்டிங் 14 அசையில் தளர்ந்து சொன்னதை அவர் பத்தில் இறுக்கினார். இறுக்கம் சில இடங்களில் பொருளை மூடிவிடுகிறது. ஆனால் ஓவிடின் சொற்செட்டு ஆங்கிலத்தில் முதன்முறையாகக் காதில் விழுந்தது இவரிடம்தான். சிறுவன் அலெக்சாண்டர் போப் இந்த நூலை விரும்பிப் படித்தான். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்துக் கீட்ஸும் இதைப் படித்தார்.

ஜான் டிரைடனின் கையில் மொழிபெயர்ப்பு ஒரு தொழிலாகவும் கொள்கையாகவும் மாறியது. ஓவிடின் புராண நாயகியர் எழுதுவதாக அமைந்த மடல்களைப் பலர் பெயர்க்க, 1680-இல் ஜேக்கப் டான்சன் வெளியிட்ட தொகுப்புக்கு டிரைடன் முன்னுரை எழுதினார். சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது ஒரு வழி. ஆசிரியரைக் கண்ணில் வைத்துக்கொண்டு கருத்தைப் பின்பற்றிச் சொல்லைத் தளர்த்துவது இரண்டாவது. மூலத்தைச் சாக்காக வைத்துப் புதிதாகப் பாடுவது மூன்றாவது. முதலும் கடைசியும் ஆகாது, நடுவழியே தக்கது என்றார். மொழிபெயர்ப்பு பற்றிய பேச்சில் இந்தப் பாகுபாடு இன்றும் தவறாமல் இடம்பெறுகிறது. அதே தொகுப்பில் ஒரு மடலைத் தந்த அஃப்ரா பென்னுக்கு லத்தீன் தெரியாது என்று முன்னுரையிலேயே குறிப்பிட்டு, தெரிந்தவர்களை அவர் வெட்கப்பட வைத்துவிட்டார் என்றும் டிரைடன் பாராட்டினார்.

1688-இன் ஆட்சி மாற்றத்துக்குப் பின் புதிய ஆட்சிக்கு உறுதிமொழி தர மறுத்த கத்தோலிக்கரான டிரைடன் அரசவைக் கவிஞர் பதவியை இழந்தார். பின்னர் அவருக்குச் சோறு போட்டதில் மொழிபெயர்ப்புக்குப் பெரும் பங்குண்டு. 1693-இல் ‘மெட்டமார்ஃபோசிஸ்’ முதல் காண்டம், 1697-இல் விர்ஜில் முழுவதும், இறக்கும் ஆண்டான 1700-இல் ஓவிட், சாசர், போக்காச்சியோ கதைகளைச் சேர்த்த ‘ஃபேபிள்ஸ்’. பிலமோன், பாசிஸ் கதை இதில் உண்டு. குடிசையின் புகையும் புதினாவும் அங்கே இருக்கின்றன. ஆனால் ஈரடி ஒவ்வொன்றும் தன் கருத்தை மூடி முத்திரையிடுவதால், ஏழ்மையைப் பார்க்கும் கண் நகரத்து அறிஞனுடையது என்பது தெரிந்துவிடுகிறது. டிரைடனுக்கு ஓவிட் மீது முழுத் திருப்தியும் இல்லை. சாவின் விளிம்பில் நிற்பவன் வாயிலும் சொல்விளையாட்டை வைப்பது பொருந்தாது என்று கண்டித்தார். 1693-இல் சாண்டிஸைக் குறைத்துப் பேசியவர், 1700-இல் முந்தைய தலைமுறையின் தலைசிறந்த செய்யுளாளர் அவரே என்று எழுதினார்.

டிரைடன் முடிக்காமல் விட்டதை டான்சன் விடவில்லை. மருத்துவரும் கவிஞருமான சர் சாமுவேல் கார்த் பொறுப்பேற்க, 1717-இல் முழுக் காவியமும் பெரிய அளவுப் பதிப்பாக வந்தது. 1700-இல் டிரைடனின் உடல் மருத்துவர் கல்லூரியில் வைக்கப்பட்டபோது லத்தீனில் இரங்கலுரை ஆற்றியவரும் இதே கார்த். டிரைடன் விட்டுச் சென்ற பகுதிகள் நடுநாயகமாக நிற்க, அடிசன் இரண்டாம், மூன்றாம் காண்டங்களைத் தந்தார். காங்க்ரீவ், கே, ரோ, டேட், க்ராக்சல் முதலியோர் ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொண்டார்கள். போப் டிரையோபியின் கதையைக் கொடுத்தார். கார்த் பதினான்காம் காண்டத்தைச் செய்தார். இத்தனை பேர் எழுதியும் நூல் சிதறிப் போகாமல் காத்தது ஈரடிதான். எல்லாரும் ஒரே யாப்பில் ஒரே வகைச் சமநிலையோடு எழுதப் பயின்றிருந்தார்கள். கதைக்குள் கதையாக ஓடும் ஓவிடின் மூச்சு மட்டும் இரண்டடிக்கு ஒருமுறை நின்று நின்று போனது. 18-ஆம் நூற்றாண்டு முழுவதும் ஆங்கில வாசகர் கையில் இருந்த ஓவிட் இந்தப் பதிப்பு.

அதன் பின் நீண்ட தாழ்வு. புதிய கவிஞர்களின் மனம் கிரேக்கத்தை நாடியது. ஓவிட் மேலோட்டமானவர், உணர்வற்ற சொற்சாமர்த்தியக்காரர் என்ற எண்ணம் பரவியது. விக்டோரியா காலத்து ஒழுக்க உணர்வு அவரைப் பள்ளிப் பாடத்துக்கு உரிய துண்டுகளாக வெட்டியது. மாணவருக்கு வேண்டியது லத்தீன் வாக்கியத்தை விளங்கிக்கொள்ள உதவும் உரைநடை. அதை 1851-இல் ரைலியும், 1916-இல் லோப் வரிசைக்காக மில்லரும் தந்தார்கள். செய்யுளில் வந்தவை, 1871-இல் ஹென்றி கிங் இயைபற்ற அடியில் தந்தது போன்றவை, பெரிய சலனம் எதையும் உண்டாக்கவில்லை.

20-ஆம் நூற்றாண்டின் நடுவில் நிலைமை மாறியது. லத்தீன் கட்டாயப் பாடமாக இருந்த காலம் முடிந்துகொண்டிருந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பழைய காவியங்களை ஆங்கிலத்திலேயே படிக்கும் வகுப்புகள் பெருகின. காகித அட்டைப் பதிப்புகள் மலிந்தன. மூலத்தை ஒருபோதும் திறக்கப்போகாத வாசகருக்கு, தன் காலிலேயே நிற்கும் ஆங்கிலக் கவிதை தேவைப்பட்டது. வாட்ஸ் 1954-இல் பழைய ஈரடியையே பிக்காசோவின் செதுக்கோவியங்களோடு மீட்டார். 1955-இல் ரோல்ஃப் ஹம்ஃப்ரீஸ் தளர்ந்த 10 அசை அடியில், இயைபு இல்லாமல், பேச்சுக்கு நெருங்கிய நடையில் தந்தது நெடுங்காலம் வகுப்பறைகளில் நின்றது. அதில் முதன்முறையாகக் கதைகளின் ஓட்டம் தடையின்றி நகர்ந்தது. 1958-இல் ஹோரஸ் கிரெகரி, 1986-இல் மெல்வில், 1993-இல் மாண்டல்பாம் எனத் தொடர்ந்தது. டேவிட் ஸ்லாவிட் 1994-இல் தந்த பெயர்ப்பை அடிப்படையாகக் கொண்டு மேரி சிம்மர்மன் உருவாக்கிய நாடகம் 2002-இல் பிராட்வேக்குப் போனது.

1994-இல் மைக்கேல் ஹாஃப்மனும் ஜேம்ஸ் லாஸ்டனும் 42 கவிஞர்களை அழைத்து ஓவிடின் கதைகளைத் தத்தம் வழியில் பாடச் சொன்னார்கள். பலர் சேர்ந்தது கார்த்தின் பதிப்பை நினைவூட்டினாலும் இங்கே பொதுவான யாப்பு இல்லை. ஒவ்வொருவரும் தம் குரலில் பாடினார்கள். அந்தத் தொகுப்புக்கு நான்கு பகுதிகள் எழுதிய டெட் ஹியூஸ் மேலும் தொடர்ந்து, 24 கதைகளாக 1997-இல் ‘டேல்ஸ் ஃப்ரம் ஓவிட்’ வெளியிட்டார். அந்த ஆண்டின் விட்பிரெட் விருது அதற்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு ஹியூஸ் இறந்தார். அளவு மாறிக்கொண்டே போகும் கட்டற்ற அடியில், பேரார்வம் உடலுக்குள் புகுந்து உடலையே பிய்த்து மாற்றும் கணத்தை அவர் மீண்டும் மீண்டும் நெருங்கிப் பார்த்தார். பசியால் தன்னையே தின்னும் எரிசிக்தான் இவ்வளவு கொடூரமாக ஆங்கிலத்தில் அதற்கு முன் வந்ததில்லை. விலையும் பெரியது: ஓவிடின் விளையாட்டு போயிற்று, கதைகளை இணைக்கும் சாமர்த்தியமான திருப்பங்கள் போயின, பித்தாகரஸின் நீண்ட உரையும் சீசரின் விண்மீனும் இல்லை. நூல் பிரமஸ், திஸ்பியின் சாம்பலோடு முடிகிறது. மொழிபெயர்ப்பு என்பதைவிட டிரைடன் சொன்ன மூன்றாவது வழிக்கு இது நெருக்கமானது. அவ்வழியில் ஆங்கிலம் கண்ட மிகச் சிறந்த ஓவிடும் இதுவே.

முழுப் பெயர்ப்புகளும் நிற்கவில்லை. 2004-இல் மட்டும் இரண்டு. டேவிட் ரேபர்ன் ஆறு அழுத்தங்கள் கொண்ட நீண்ட அடியை எடுத்தார். ஸ்டானிஹர்ஸ்ட் தோற்ற இடத்தில், நெடில் குறிலை விட்டு அழுத்தத்தை மட்டும் எண்ணியதால், வாய்விட்டுப் படிக்கத் தக்க ஓசை அமைந்தது. சார்லஸ் மார்ட்டின் ஐந்தாம் காண்டத்தில் கலைத்தேவியரோடு போட்டிக்கு வரும் பியரஸின் மகள்களை ராப் பாட வைத்தார். குரலுக்குக் குரல் நடை மாற்றும் ஓவிடின் பழக்கத்தைப் பல பெயர்ப்புகள் சமன் செய்துவிட்டிருந்த நிலையில், அது நியாயமான துணிச்சல்.

மேரி இன்னஸ் 1955-இல் பெங்குவின் பதிப்பகத்துக்காக உரைநடையில் பெயர்த்த பின், 60 ஆண்டுகளுக்கு மேல் முழுக் காவியத்தையும் ஆங்கிலத்தில் தந்த பெண் எவரும் இல்லை. அந்த இடைவெளியை ஸ்டெஃபனி மெக்கார்ட்டர் 2022-இல் முடித்தார். அவரும் பெங்குவினுக்காகவே, ஆனால் இயைபற்ற 10 அசை அடியில். தெய்வங்கள் பெண்களை வன்புணரும் கதைகள் இக்காவியத்தில் ஏராளம். முந்தைய பெயர்ப்பாளர்கள் பலர் அவற்றை இன்பமாகவும் இணக்கமாகவும் மென்மைப்படுத்தியிருந்தார்கள்; ஓடுகிற டாஃப்னியின் உடலை மூலம் சொல்லாத அழகுச் சொற்களால் அலங்கரித்திருந்தார்கள். நான்காம் காண்டத்தில் சூரியதேவன் லூகோதோயியின் அறைக்குள் நுழையும் இடத்தில் லத்தீன் அவள் வன்முறைக்கு ஆளானதை ஒளிக்கவில்லை; பல ஆங்கில ஓவிட்களிலோ அவள் தேவனின் பேரொளியில் மயங்கி இசைகிறாள். மெக்கார்ட்டர் வன்முறையை வன்முறை என்றே எழுதினார். மூலத்தில் இல்லாத அலங்காரத்தை எடுத்துவிட்டார். அதனால் சில புகழ்பெற்ற பகுதிகள் பழைய மென்மையை இழந்தன, ஆனால் அந்த மென்மையில் பெரும்பகுதி ஓவிட் போட்டது அல்ல. அவருடைய நூல் 2023-இல் அமெரிக்கக் கவிஞர் கழகத்தின் மொழிபெயர்ப்புக்கான லேண்டன் விருதைப் பெற்றது. அதே ஆண்டு லூக் சூசியின் இன்னொரு முழுச் செய்யுள் பெயர்ப்பைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது.